கொழும்பில் எங்கே தங்குவது? வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் கொழும்பில் தங்குமிடம் பற்றியவை மட்டும் தனியாக ஒரு கட்டு. கொள்ளுப்பிட்டியில் நடுத்தர ஹோட்டல் ஒன்றின் வரவேற்பு மேசையில் என் உத்தியோக காலம் முழுவதும் இருந்தவள் நான். ஓய்வு பெற்று இப்போது வெள்ளவத்தையில் இருக்கிறேன். அதனால் ஆசிரியர் அந்தக் கட்டை அப்படியே என்னிடம் தந்துவிட்டார். நல்ல ஹோட்டலாகப் பெயர் சொல்லுங்கள் என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். பெயரைவிட எந்தப் பகுதி, ஏன் அந்தப் பகுதி என்று சொல்வதுதான் உங்களுக்கு உதவும். ஹோட்டல் கைமாறும், நிர்வாகம் மாறும், தெற்கே காலி நகருக்குப் போகும் காலி வீதியின் காலை நெரிசல் மாறாது.

திருச்சியிலிருந்து ஒரு வாசகர்: நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், எழுபது தாண்டிய அம்மா. மூன்று நாள் கொழும்பில் இருப்போம். சுத்த சைவம். தேடிப் பார்த்தால் கோட்டை, காலிமுகத்திடல், வெள்ளவத்தை, கல்கிசை எல்லாவற்றையும் கொழும்பு என்றே காட்டுகிறது. இதில் எது ஊருக்கு நடுவில் இருக்கிறது?

கொழும்புக்கு நடு என்று ஒன்று கிடையாது, தம்பி. கடலை ஒட்டி வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கிற ஊர் இது. வடக்கே துறைமுகம், அதன் பக்கத்தில் கோட்டையும் புறக்கோட்டையும். அங்கிருந்து காலி வீதியைப் பிடித்துத் தெற்கே வந்தால் காலிமுகத்திடல், கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை. மாநகர எல்லை அதோடு முடிகிறது. தெஹிவளை, கல்கிசை எல்லாம் அதற்கு அப்பால்.

நாங்கள் இடத்தை எண்ணால்தான் அடையாளம் சொல்வோம். கோட்டை கொழும்பு 1, கொம்பனித்தெரு 2, கொள்ளுப்பிட்டி 3, பம்பலப்பிட்டி 4, வெள்ளவத்தை 6, கறுவாத்தோட்டம் 7, பொரளை 8, மருதானை 10, புறக்கோட்டை 11, கொட்டாஞ்சேனை 13. முகவரியில் எண் போடாமல் வெறுமனே கொழும்பு என்று இருந்தால் பணம் கட்டுவதற்கு முன்னால் எண் என்ன என்று கேளுங்கள். எண்ணே இல்லை, ஆனால் நகரத்துக்குப் பக்கம்தான் என்று பதில் வந்தால், அந்தப் பக்கம் என்பது காலை எட்டு மணிக்கு ஒரு மணி நேரப் பயணமாகவும் இருக்கலாம்.

தொலைபேசியில் யார் அறை கேட்டாலும் நான் முதலில் கேட்பது, முதல் நாள் காலை நீங்கள் எங்கே போக வேண்டும் என்பதுதான். இதற்குப் பதில் கிடைத்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். உங்கள் கடிதத்தில் அந்தப் பதில் இருக்கிறது: அம்மாவுக்குக் கோயில், எல்லாருக்கும் சைவச் சாப்பாடு, பிள்ளைகளுக்குக் கடல். மூன்றுக்கும் பொருந்துவது வெள்ளவத்தையும் அதை ஒட்டிய பம்பலப்பிட்டியும். விடியற்காலையிலேயே இடியப்பம், சொதி, புட்டு கிடைக்கிற சைவக் கடைகள் காலி வீதியின் இரு பக்கமும் உண்டு. மயூரபதி அம்மன் கோவில், இராமகிருஷ்ண மிஷன், பம்பலப்பிட்டி கதிரேசன் கோவில் எல்லாம் இந்தப் பக்கம்தான். மருந்துக் கடையிலும் துணிக் கடையிலும் தமிழிலேயே பேசி வாங்கலாம். வயதானவரோடு வெளியூர் வந்தவருக்கு அது பெரிய ஆறுதல்.

சாப்பாட்டில் ஒரு எச்சரிக்கை. மற்றப் பகுதிகளில் மரக்கறிச் சாப்பாடு என்று சொல்லித் தந்தாலும் சம்பலிலும் சில கறிகளிலும் மாசிக் கருவாட்டுத் தூள் போடுவது வழக்கம். அதை அசைவமாகவே நினைக்காத கடைக்காரர்கள் இருக்கிறார்கள். மாசி போட்டதா என்று நேரடியாகக் கேட்டுவிடுங்கள். சைவக் கடைகளில் இந்தக் கவலை இல்லை.

இனி அறைக்கு வருவோம். வெள்ளவத்தையில் கடல் பக்கம், தரைப் பக்கம் என்று இரண்டு உண்டு. காலி வீதியிலிருந்து மேற்கே இறங்கும் ஒழுங்கைகள் எல்லாம் மரைன் டிரைவில் போய் முடிகின்றன. அதற்கு அப்பால் ரயில் பாதை, அதற்கும் அப்பால் பாறையும் கடலும். கடலைப் பார்த்த அறை என்று விளம்பரம் இருந்தால் அது ரயிலையும் பார்த்த அறை. விடிவதற்கு முன்பே அலுவலக ரயில்கள் ஓடத் தொடங்கிவிடும், கூவிக்கொண்டுதான் போகும். பிள்ளைகளுக்கு அது கொண்டாட்டம், அம்மாவின் தூக்கம் கெடும். அதனால் ஒரே விடுதியில் முன்பக்கம் ஓர் அறையும் பின்பக்கம் ஓர் அறையும் கேட்டு வாங்குங்கள். லிப்ட் இருக்கிறதா, மின்சாரம் போனால் அந்த லிப்ட் ஜெனரேட்டரில் ஓடுமா என்று இரண்டாகப் பிரித்துக் கேளுங்கள். முதல் கேள்விக்கு எல்லாரும் ஆம் என்பார்கள். இரண்டாவதற்கு வரும் பதிலைக் கேட்டுத்தான் மாடியை முடிவு செய்ய வேண்டும்.

வெள்ளவத்தைக் கடல் குளிக்கிற கடல் அல்ல. பாறை, அலை, நடுவில் தண்டவாளம். பிள்ளைகள் மணலில் விளையாட வேண்டுமென்றால் ஒரு பிற்பகல் கல்கிசைக்கு ரயிலில் போய் வாருங்கள். கோட்டைப் பக்கம் பார்க்கவும் ரயில்தான் நல்லது. வெள்ளவத்தை நிலையத்தில் ஏறினால் இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் கோட்டை. போகும்போது இடது பக்க ஜன்னல், வரும்போது வலது பக்கம். முழுக்கக் கடல்தான். காலை ஒன்பது மணிக்கு மேல் ஏறுங்கள், அதற்கு முன்னால் அலுவலகக் கூட்டத்தில் அம்மாவால் நிற்க முடியாது.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வாசகி: அன்ரி, அம்மாவுக்குக் கொழும்புக் கண் ஆஸ்பத்திரியில் காலை கிளினிக். இரவு பஸ்ஸில் வந்தால் விடிய முன்னர் வெள்ளவத்தையில் இறக்கிவிடுவார்கள். அந்த நேரத்தில் எங்கே போவது? லொட்ஜ் என்ற சொல்லைக் கேட்டாலே அம்மா வரமாட்டேன் என்கிறா. 2007இல் அவவும் கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்தவ.

பிள்ளை, முதலில் அம்மாவைப் பற்றி. 2007 ஜூன் 7ஆம் திகதி விடியற்காலை கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த நூற்றுக்கணக்கான தமிழர்களைப் பொலிஸார் எழுப்பி, பஸ்களில் ஏற்றி, வடக்குக் கிழக்குப் பக்கம் அனுப்பினார்கள். மருந்துக்கு வந்தவர்கள், வெளிநாட்டு விசாவுக்குக் காத்திருந்தவர்கள் எல்லாரும் அதில் இருந்தார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் அதை நிறுத்தி இடைக்காலத் தடை விதித்தது. அப்போதைய பிரதமர் வருத்தம் தெரிவித்தார். அந்த நாட்களில் எங்கள் மேசைக்கு வந்த தொலைபேசி அழைப்புகள் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அங்கே இடம் இருக்கிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை, அங்கே இருப்பது பாதுகாப்பா என்றுதான் கேட்டார்கள். ஆகவே அம்மாவின் பயத்தைப் பழங்கதை என்று தள்ளிவிட வேண்டாம். காலம் மாறிவிட்டது என்று அவவுக்கு விளங்கப்படுத்துவதைவிட, அவ நிம்மதியாகப் படுக்கக்கூடிய இடமாகப் பார்ப்பதுதான் சரி.

அப்படியான இடம் அனெக்ஸ். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி ஒழுங்கைகளில் குடும்பங்கள் தங்கள் வீட்டோடு சேர்ந்த ஒன்றிரண்டு அறைகளைச் சில நாளுக்கு வாடகைக்குக் கொடுக்கிறார்கள். வீட்டுக்காரம்மா இருப்பா, சமையல் மணம் இருக்கும், வெந்நீர் கேட்டால் கிடைக்கும். உறவுக்காரர் யாராவது ஏற்கனவே தங்கின வீடாக இருந்தால் இன்னும் நல்லது. அடையாள அட்டை இலக்கத்தை எழுதிக்கொள்வார்கள். அது எல்லாருக்கும் நடக்கிற பதிவு என்று அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். திடீரென்று அட்டை கேட்டால்தான் மனம் பதறும்.

இப்போது நேரக் கணக்கு. ஹோட்டலோ அனெக்ஸோ, அறை பொதுவாகப் பிற்பகல் இரண்டு மணிக்குத்தான் கைக்கு வரும். நீங்கள் அதிகாலையில் இறங்கினால் அது முதல் நாள் இரவுக் கணக்கு. நேரத்தோடு வருகிறோம் என்று வாயால் சொல்லி வைப்பது போதாது. முதல் நாள் இரவுக்கும் சேர்த்து அறை எடுத்துவிடுங்கள், அல்லது பாதி வாடகைக்கு அதிகாலையில் திறந்து தருவார்களா என்று கேட்டு, அந்தப் பதிலை எழுத்தில் வாங்குங்கள். வரவேற்பு மேசையில் இரவு வேலையில் இருப்பவருக்குப் பகலில் யார் என்ன வாக்குக் கொடுத்தார்கள் என்று தெரியாது. அறை இன்னும் தயாரில்லை என்று கண் தெரியாத ஒரு தாயைக் கூடத்து நாற்காலியில் இருக்கவைப்பது மிகவும் கொடுமை.

உண்மையில் நான் விரும்புவது வேறு. கிளினிக்குக்கு முதல் நாள் பகலிலேயே வந்துவிடுங்கள். கண் ஆஸ்பத்திரி லிப்டன் சுற்றுவட்டத்துக்குப் பக்கத்தில், கொழும்பு 10இல் இருக்கிறது. வெள்ளவத்தையிலிருந்து காலையில் போவதென்றால் பாடசாலை வாகனங்களும் அலுவலக வாகனங்களும் ஒன்றாக வீதிக்கு வருகிற நேரம். அந்த ஓர் இரவு மட்டும் யூனியன் பிளேஸ் பக்கமோ மருதானைப் பக்கமோ தங்கினால் ஓட்டோவில் சில நிமிடம். இலக்கம் எடுத்து, டொக்டரைப் பார்த்து, எல்லாம் முடிந்த பிறகு வெள்ளவத்தை அனெக்ஸுக்கு வந்து இரண்டு நாள் ஆறுதலாக இருந்துவிட்டு, அங்கிருந்தே இரவு பஸ் ஏறலாம். இரண்டு இடம் மாறுவது அலைச்சல் என்று நினைப்பீர்கள். கிளினிக் வரிசையில் பின்னால் நிற்பது அதைவிடப் பெரிய அலைச்சல். போயா நாள், அதாவது பௌர்ணமி விடுமுறை, எதுவும் குறுக்கே வருகிறதா என்று கலண்டரையும் ஒரு முறை பாருங்கள், அன்றைக்குக் கிளினிக் இருக்காது.

கண்ணில் சத்திரசிகிச்சை செய்தால் திரும்பும்போது தரைத்தளத்து அறையாக எடுங்கள். கடற்கரைக் காற்றும் தூசும் அடிக்கிற முன்பக்க அறை வேண்டாம்.

ஹட்டனிலிருந்து ஒரு வாசகர்: பாஸ்போட் எடுக்க வர வேண்டும். தலைநகர் கொழும்பா, கோட்டேயா என்று என் மகள் கேட்கிறாள். அவளுக்கும் பதில் சொல்லுங்கள், எங்கே தங்குவது என்றும் சொல்லுங்கள்.

இரண்டு கேள்விக்கும் ஒரே பதில் வருவது நல்ல பொருத்தம். பாராளுமன்றம் முன்பு காலிமுகத்திடலுக்குப் பக்கத்தில் இருந்தது. 1982இல் ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டேக்குப் போனது. தியவன்னா ஓயாவின் நடுவில் ஜெஃப்ரி பாவா வடிவமைத்த கட்டடம் அது. சட்டப்படி தலைநகர் அதுதான். வர்த்தகமும் துறைமுகமும் கொழும்பிலேயே இருப்பதால் எல்லாரும் கொழும்பையே தலைநகர் என்று சொல்லிப் பழகிவிட்டோம். மகளிடம் இதைச் சொல்லுங்கள்.

உங்கள் வேலை இருக்கும் குடிவரவு குடியகல்வுத் திணைக்களமும் பத்தரமுல்லையில், அந்தப் பாராளுமன்றப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆகவே ரயிலில் கோட்டை நிலையத்தில் இறங்கியதும் பக்கத்தில் கண்ட அறையில் புகுந்துவிட வேண்டாம். மறுநாள் விடிய பொரளை, ராஜகிரிய நெரிசலைத் தாண்டிப் போக வேண்டியிருக்கும். முதல் நாள் மாலையே ராஜகிரியவிலோ பத்தரமுல்லையிலோ ஒரு சிறிய விடுதியில் தங்கிவிடுங்கள்.

ரொறன்ரோவிலிருந்து ஒரு வாசகி: பிள்ளைகள் அங்கே பிறந்தவர்கள், முதல் முறை வருகிறார்கள். காலிமுகத்திடலுக்குப் பக்கத்தில் கடல் தெரிகிற அறையாக, கொஞ்சம் செலவழித்தே எடுக்கலாம் என்றிருக்கிறோம். டொலரில் போட்ட விலை கடைசியில் கூடும் என்கிறார்களே, எவ்வளவு?

எடுங்கள். காலிமுகத்திடலை மாலையில் பிள்ளைகள் பார்க்கத்தான் வேண்டும். 1859இல் ஆளுநர் ஹென்றி வார்ட் காலத்தில் அமைத்த திடல். இத்தனை ஆண்டுகளில் அணிவகுப்பு, குதிரைப் பந்தயம், சுதந்திர தினம், 2022இல் மாதக்கணக்கில் நடந்த மக்கள் போராட்டம் எல்லாம் அந்த ஒரே புல்வெளியில்தான். மாலை ஐந்து மணிக்குப் பட்டம் விடுகிறவர்கள், இறால் வடைக் கடைகள், கடற்காற்று. அறையிலிருந்து நடந்தே இறங்கிப் போகலாம் என்பதற்காகவே அந்தச் செலவைச் செய்யலாம்.

கடல் தெரியும் என்ற வாக்கை மட்டும் நன்றாகக் கேட்டு உறுதிப்படுத்துங்கள். துறைமுக நகரத்துக்காக 2014இல் தொடங்கி 269 ஹெக்டேயர் கடலை நிரப்பிவிட்டார்கள். கோட்டைப் பக்கத்துச் சில கட்டடங்களில் முன்பு நேராகக் கடல் தெரிந்த ஜன்னலில் இப்போது முதலில் தெரிவது அந்தப் புதுத் தரைதான். பழைய படங்களைப் பார்த்து ஏமாந்து வந்தவர்களின் முகத்தை நான் மேசைக்கு இந்தப் பக்கம் இருந்து பார்த்திருக்கிறேன். ஜன்னல் எந்தத் திசை, முன்னால் என்ன இருக்கிறது, அண்மையில் எடுத்த படம் ஒன்று அனுப்ப முடியுமா என்று கேளுங்கள். நல்ல ஹோட்டல் அனுப்பும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக் காற்று. அப்போது கடல் கொந்தளிப்பாக இருக்கும், பல்கனிக் கதவைத் திறந்தால் உப்பு ஈரம் உள்ளே வரும். ஜனவரி முதல் மார்ச் வரை வந்தால் கடல் அமைதி.

விலை விஷயம். இங்கே பெரிய ஹோட்டல்களில் விலைக்குப் பின்னால் இரண்டு கூட்டல் குறி போடுவார்கள். சேவைக் கட்டணம் நூற்றுக்குப் பத்து, அதையும் சேர்த்த தொகையின் மேல் வற் (VAT) வரி நூற்றுக்குப் பதினெட்டு. வற் 2024 ஜனவரியிலிருந்து அந்த அளவில் இருக்கிறது. நூறு டொலர் அறை, சேவைக் கட்டணத்தோடு நூற்றுப் பத்து, வரியோடு ஏறத்தாழ நூற்றுமுப்பது. சாப்பாட்டுப் பில்லுக்கும் இதே கணக்குத்தான். எல்லாம் சேர்த்துக் கையில் எவ்வளவு என்று முதலிலேயே கேட்டு வாங்கினால் கடைசி நாள் காலை விமான நேரத்தில் வாக்குவாதம் வராது.

இன்னொன்று. பல இடங்களில் உள்நாட்டவருக்கு ஒரு விலை, வெளிநாட்டவருக்கு ஒரு விலை. பிறந்த ஊர் யாழ்ப்பாணம் என்று சொன்னால் உள்நாட்டு விலை கிடைக்காது. இலங்கை அடையாள அட்டையோ பாஸ்போட்டோ காட்ட வேண்டும். உங்களிடமோ கணவரிடமோ இரட்டைக் குடியுரிமை இருந்தால் இலங்கைப் பாஸ்போட்டையும் கையில் கொண்டுவாருங்கள். முன்பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள், வந்திறங்கிய பிறகு மாற்றித் தரச் சொன்னால் மேசையில் இருப்பவருக்கு அந்த அதிகாரம் இருக்காது.

மற்ற நாட்களுக்கு வெள்ளவத்தைக்கு மாறிவிடுங்கள். பிள்ளைகள் அம்மம்மாவின் ஊர்ச் சாப்பாட்டைக் கடையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். 57ஆம் ஒழுங்கையில் கொழும்புத் தமிழ்ச் சங்கம் இருக்கிறது, 1942இல் தொடங்கியது. அங்கிருக்கும் நூலகத்துக்குள் அவர்களை ஒரு தடவை கூட்டிக்கொண்டு போங்கள். வாசிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை.

மட்டக்களப்பிலிருந்து ஒரு மாணவி: அக்கா, பரீட்சைக்குத் தனியாக வருகிறேன். இரண்டு இரவு. அதிகம் செலவழிக்க முடியாது.

தங்கச்சி, பரீட்சை மண்டபத்தின் முழு முகவரியை எண்ணோடு எடுத்துக்கொண்டு, அதிலிருந்து நடக்கக்கூடிய தூரத்தில் தேடு. வாடகையில் மிச்சம் பிடித்து ஓட்டோவுக்குக் கொடுப்பதில் பயனில்லை. ரயில் கோட்டையில் வந்து நிற்பதால் புறக்கோட்டையில் மலிவான அறைகள் முதலில் கண்ணில் படும். பகலில் அவ்வளவு சனமுள்ள இடம் இரவில் கடைகள் பூட்டிய பிறகு வேறு மாதிரி. தனியாக வரும் பெண்ணுக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். பம்பலப்பிட்டி அல்லது வெள்ளவத்தையில் பெண்கள் மட்டும் தங்கும் வீடுகள் இருக்கின்றன. நீ படிக்கும் பாடசாலையின் ஆசிரியைகள் பலர் கருத்தரங்குகளுக்கு வந்து அங்கே தங்கியிருப்பார்கள், அவர்களிடம் கேட்டுப் பார். கதவுக்கு உள்ளே தாழ்ப்பாள் இருக்கிறதா, இரவு எத்தனை மணிக்கு வாசல் பூட்டுவார்கள், விடிய ஆறு மணிக்குத் திறப்பார்களா என்று இந்த மூன்றையும் கேள். பஸ்ஸுக்குக் காலி வீதியில் ஏறினால் போதும். 100, 101 இலக்க பஸ்கள் புறக்கோட்டைக்குப் போய்க்கொண்டே இருக்கும். ஓட்டோ என்றால் மீற்றர் போட்டதாக, அல்லது பிக்மீ என்ற கைபேசிச் செயலியில் கூப்பிட்டதாக ஏறு. பரீட்சை நன்றாக எழுது.

மதுரையிலிருந்து ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர்: சாப்பாடும் வசதியும் எனக்குப் பெரிதில்லை. பழைய கொழும்பை நடந்தே பார்க்க வேண்டும். முடிந்தால் பழைய கட்டடம் ஒன்றிலேயே தங்க ஆசை. கோட்டையில் கோட்டை இருக்கிறதா?

ஐயா, இந்தக் கடிதத்தை நான் இரண்டு முறை படித்தேன். இப்படிக் கேட்பவர்கள் குறைவு.

கோட்டையில் கோட்டை இல்லை. 1505இல் வந்த போர்த்துக்கீசர் கட்டத் தொடங்கினார்கள், 1656இல் ஒல்லாந்தர் பிடித்து மாற்றிக் கட்டினார்கள், 1796இல் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. அவர்கள் காலத்திலேயே, 1870ஐ ஒட்டி, மதிலை இடித்து வீதியும் கட்டடமும் ஆக்கிவிட்டார்கள். பெயர் மட்டும் நிலைத்தது. ஆனால் மதிலுக்குள் இருந்தவை, மதில் போன பிறகு எழுந்தவை எல்லாம் ஒரு காலை நடையில் அடங்கும்.

எல்லாருக்கும் வெள்ளவத்தை சொல்லும் நான் உங்களுக்கு மட்டும் கோட்டையையே சொல்கிறேன். வெயில் ஏறுவதற்கு முன், ஆறரை மணிக்கு நீங்கள் வீதியில் நிற்க வேண்டும், அதற்கு அங்கேயேதான் தூங்கி எழ வேண்டும். துறைமுகத்தைப் பார்த்தபடி 1875இல் திறந்த கிராண்ட் ஓரியன்டல் ஹோட்டல் இருக்கிறது. கப்பலில் வந்தவர்கள் இறங்கியதும் தங்கிய இடம் அது. காலிமுகத்திடலின் தெற்கு முனையில் 1864இல் தொடங்கிய கோல் ஃபேஸ் ஹோட்டல். அதற்குச் செலவு கூட. கல்கிசையில் ஆளுநர் மெயிட்லண்ட் 1806இல் கட்டிய மாளிகையே இன்று ஹோட்டலாக இருக்கிறது. அழகான இடம், ஆனால் உங்கள் நடைக்கு அது தூரம். பழைய ஹோட்டல்களில் அறை கேட்கும்போது ஆதிக் கட்டடத்திலா, பிறகு சேர்த்த பகுதியிலா என்று கேளுங்கள். பெயர் பழையதாக இருந்து அறை புதியதாகக் கிடைப்பது உண்டு. மரத் தளம், உயர்ந்த கூரை, அகன்ற படி வேண்டுமென்றால் அதைச் சொல்லியே கேட்க வேண்டும்.

நடை இப்படி. யோர்க் வீதியில் 1906இன் செந்நிறக் கார்கில்ஸ் கட்டடம். அங்கிருந்து சதாம் வீதியில் மணிக்கூண்டு. 1857இல் மணிக்கூண்டாகக் கட்டி, பத்து ஆண்டு கழித்து அதன் மேலேயே வெளிச்சவீட்டையும் வைத்தார்கள். இன்று சுற்றிலும் கட்டடங்கள் எழுந்து, கப்பலுக்கு அது தெரிவதில்லை. பக்கத்தில் ஒல்லாந்தர் கால ஆஸ்பத்திரி, முற்றம் வைத்து ஓடு வேய்ந்த கட்டடம், இப்போது கடைகளும் உணவகங்களும். ஜனாதிபதி மாளிகைப் பக்கம் பாதுகாப்புக் காரணமாகச் சில வீதிகள் அவ்வப்போது மூடியிருக்கும். காவலர் திரும்பச் சொன்னால் திரும்பிவிடுங்கள், அங்கே படம் எடுக்க வேண்டாம்.

கோட்டையைத் தாண்டிப் புறக்கோட்டைக்குள் போனால் அது வேறு உலகம். பிரதான வீதி, அதைக் குறுக்கே வெட்டும் குறுக்குத் தெருக்கள். இரண்டாம் குறுக்குத் தெருவில் சிவப்பும் வெள்ளையுமாக ஜாமிஉல் அல்பர் பள்ளிவாசல், 1909இல் கட்டி முடித்தது. செட்டியார் தெருவில் நகைக் கடைகளும் கதிரேசன் கோவில்களும். ஆடி வேல் விழாவுக்குத் தேர் இங்கிருந்துதான் பம்பலப்பிட்டிக்குப் போகும். கொஞ்சம் மேட்டில் ஏறினால் ஒல்லாந்தரின் வுல்பெண்டால் தேவாலயம், 1757. சுவரின் பருமனைத் தொட்டுப் பாருங்கள். இன்னும் வடக்கே கொட்டாஞ்சேனையில் பொன்னம்பலவாணேசுவரர் கோவில். பொன்னம்பல முதலியார் தொடங்கியது, பின்னர் மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் முழுக் கருங்கல்லில் திருப்பிக் கட்டினார். மதுரைக்காரரான உங்களுக்குக் கல்தூண் மண்டபம் புதிதல்ல. இந்த ஈரக் கடற்கரை ஊரில் அப்படி ஒன்றை எழுப்ப ஒரு மனிதர் எவ்வளவு ஆசைப்பட்டிருக்க வேண்டும் என்று அங்கே நிற்கும்போது எனக்குத் தோன்றும். எனக்குக் கொழும்பில் மிகவும் பிடித்த இடம் அது.

ஞாயிறு காலை கோட்டைக்கு நல்லது, வாகனம் இருக்காது, முகப்புகளை நிமிர்ந்து பார்த்துக்கொண்டே நடக்கலாம். புறக்கோட்டைக்கு ஞாயிறு வேண்டாம், பெரும்பாலான கடைகள் பூட்டு. அதன் உயிரே வியாபாரம்தான். ஆகவே சனி பின்னேரம் வந்து, இரண்டு மூன்று இரவு தங்கிப் பாருங்கள். கோட்டையில் அலுவலகங்கள் முடிந்ததும் வீதிகள் ஓய்ந்துவிடும், இரவுச் சாப்பாட்டை ஹோட்டலிலேயே முடித்துக்கொள்வது நல்லது.

இலண்டனிலிருந்து ஒரு வாசகர்: விமானம் இரவு பன்னிரண்டுக்கு மேல் இறங்குகிறது. மறுநாள் கண்டிக்குப் போகிறோம். ஓர் இரவுக்குக் கொழும்பில் எது வசதி?

கொழும்பே வேண்டாம். விமான நிலையம் கட்டுநாயக்கவில் இருக்கிறது. கொழும்பிலிருந்து முப்பது கிலோமீற்றருக்கு மேல் வடக்கே. 2013இல் அதிவேகப் பாதை திறந்த பிறகு அந்தத் தூரம் இலகுவாகிவிட்டது உண்மைதான், ஆனால் உங்கள் மறுநாள் பயணத்துக்குக் கொழும்புக்குள் வரவேண்டிய தேவையே இல்லை. நீர்கொழும்பு பக்கத்தில் இருக்கிறது. அங்கே எல்லா விலையிலும் விடுதிகள் உண்டு, நடு இரவில் விருந்தினர் வருவது அவர்களுக்குப் பழக்கம். விமான இலக்கத்தைக் கொடுத்து வாகனமும் அவர்களையே அனுப்பச் சொல்லுங்கள். விமானம் தாமதமானால் காத்திருப்புக்குத் தனிக் காசு உண்டா என்று கேட்டு வையுங்கள். காலைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு அங்கிருந்தே நேராகக் கண்டிக்குப் புறப்படலாம்.